பச்சைத் தண்ணீர்

என் செல்லத்துக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மேகம் வரும் முன்பே மழைச் செய்தி வாசிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள், சண்டை போட்டாலும் சாப்பிட உட்காரும் முன் சமாதானமாகிவிடுவீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், நான் போனை எடுத்தாலே உன் அப்பா பேப்பர் படிக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இது அவரைப் பற்றிய விஷயம்.

நம் வண்டி கழுவும் கொட்டகைக்கு இப்போது லாரிகளும் வருகின்றன. கழுவிய தண்ணீர் எண்ணெயும் சோப்புமாகப் பின்பக்கக் குழியில் விழும், மண் உறிஞ்சிக்கொள்ளும், அவ்வளவுதான் என்று இருந்தோம். இரண்டு மாதம் முன்பு மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தையல்காரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கிணத்துத் தண்ணி டீசல் வாடை அடிக்குதுக்கா, அண்ணன்கிட்ட சொல்லப் பயமா இருக்கு" என்றாள். நான் அவரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை பீரோவிலிருந்து நிலப் பத்திரத்தையே எடுத்துவந்துவிட்டார். "கிணறு உட்படன்னு போட்டிருக்கு பாரு. என் நிலம், என் தண்ணி. அத எங்க கொட்டணும்னு ஊரான் வந்து சொல்லணுமா?" என்றார். அதற்கு மேல் பேசி என் தொண்டைதான் வறண்டது. அதனால், திட்டாமல் படி, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நானே ஒரு புகார் எழுதிப் போட்டேன். கையெழுத்து போடுகிற இடத்தில் "பொதுமக்களில் ஒருவர்" என்று எழுதினேன். அதில் என்ன பொய்?

பத்தே நாளில் ஒரு அதிகாரி வந்தாள், உன் வயதுதான் இருக்கும், பை நிறைய குட்டிக் குட்டி பாட்டில்கள். உன் அப்பா பத்திரத்தைக் கொடிபோல ஆட்டினார். அவள் பொறுமையாக முழுசும் படித்துவிட்டு, "கிணறு உங்களதுதான்யா, யாரும் கேக்கல. நீங்க கொட்டுற தண்ணி உங்க மதிலோட நிக்குதான்னுதான் பாக்கணும்" என்றாள். இவர் விடுவாரா, "என் தண்ணி மதில் தாண்டாது, எழுதியே தர்றேன்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே உடம்புக்குக் கெடுதல் இல்லாத ஏதோ பச்சைச் சாயத்தைக் குழியில் ஊற்றிவிட்டுப் போனாள். ஆறு நாள் இவர் மதிலுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தார். ஏழாம் நாள் காலை தையல்காரி ஒரு வாளியைத் தூக்கிவந்து நம் வாசலில் வைத்தாள், கிளிப்பச்சை! "அண்ணே, உங்க தண்ணி எங்க வீட்டுக்கு வந்திருக்கு" என்றாள். உன் அப்பா அந்த வாளியைப் பார்த்த பார்வையில் எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே நின்றும் போனது. அவளுடைய பிள்ளைகள் அந்தத் தண்ணீரில்தானே இத்தனை நாள் குளித்தன.

எண்ணெயைப் பிரிக்கிற தொட்டி கட்டும்வரை கொட்டகையைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அன்று மதியம் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், ஒரு வாய் வைக்கவில்லை. மறுநாள் கொத்தனாரை அழைத்துவந்துவிட்டார். இப்போது மூன்று அறைத் தொட்டி தயார், கொட்டகையும் திறந்தாயிற்று. வருகிற லாரிக்காரர்களை எல்லாம் நிறுத்தி, தொட்டியை என்னமோ தானே கண்டுபிடித்த மாதிரி பாடம் நடத்துகிறார், அவர்கள் தப்பிக்க வழி தெரியாமல் தலையாட்டுகிறார்கள். தையல்காரியின் கிணறு தெளிய இன்னும் நாளாகுமாம். அதுவரை தினமும் காலையில், குழிக்கு எதிர்ப்பக்கம் மேட்டில் இருப்பதால் கெடாமல் தப்பித்த நம் கிணற்றிலிருந்து எட்டுக் குடம் தண்ணீர் அவரே கொண்டுபோய்க் கொடுக்கிறார். நான் பிடிக்க வந்தால் விரட்டுகிறார்.

போன வாரம் தொட்டிக்கு அனுமதி வாங்க இருவரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். மேஜையில் கோப்பு திறந்தபடி கிடந்தது, மேலேயே என் புகார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அவர் கோப்பை மூடி வைத்துவிட்டு எழுந்தார். ஸ்கூட்டரில் பாதி வழி வந்தபிறகு, திரும்பாமலே, "முப்பது வருஷமா மளிகைச் சீட்டுல பாக்குற எழுத்து எனக்குத் தெரியாதா? எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. ஆனா என் பேருக்கு முன்னாடி ஒரு 'திரு' போட்டிருக்கலாம்ல?" என்றார். நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வீடு வரும்வரை சிரித்தேன்.

நீங்கள் இருவரும் குறையொன்றும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். அந்தக் கடைவாய்ப் பல்லை இந்த வாரமாவது டாக்டரிடம் காட்டு, நாளை நாளை என்று தள்ளாதே.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அம்மா