மிஞ்சிய ஸாப்ரோதில்கள்

ஹ்ரனித்ஸே,
11 அக்டோபர் 1994

அன்புள்ள தம்பி ராதிமுக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே மழை வரப்போவதைச் சொல்லிவிடுகிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? மிகுலோவில் திராட்சை ரசத்தைத்தவிர வேறு ஏதாவது கிடைக்கிறதா?

நீ ஞாயிற்றுக்கிழமை வராத கோபம் இன்னும் ஆறவில்லை. அறுவடை, பிழிபொறி பழுது என்று எழுதியிருந்தாய். திராட்சை அடுத்த வருடமும் பழுக்கும். நம் குடும்பப் பெயர்க்காரர்கள் எல்லாரும் ஒரே மேஜையில் உட்காருவது இனி நடக்கவே நடக்காது. ஆற்றங்கரை விடுதிக்காரர் வாசலில் “ஸாப்ரோதில்களே வருக” என்று எழுதி வைத்திருந்தார்.

தபால் நிலையத்தில் இத்தனை வருடமாக ஊரில் உள்ளவர்களின் பெயரையெல்லாம் படித்துப் படித்து முத்திரை குத்துகிறவள் நான். நம் பெயர் எழுதிய உறை நம் வீட்டுக்கு வருவதைத் தவிர வேறெங்கும் போய் நான் பார்த்ததில்லை. அதனால்தான் நாட்டின் எல்லாத் தொலைபேசிப் புத்தகங்களையும் புரட்டினேன். மொத்தம் பதினோரு பேர். மேற்கே பொஹேமியாப் பக்கம் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் இந்த பெச்வா ஆற்றை ஒட்டியும், வடக்கே ஒஸ்த்ராவாவிலும்தான். நீ தவிர எல்லாரும் வந்தார்கள். எல்லாரும் பாட்டிகள், அத்தைகள். ஆம்பிளை என்று பார்த்தால் செனேக் சித்தப்பா ஒருவர். அவருக்கும் எண்பது தாண்டிவிட்டது, காது கேட்காது, மூன்றும் பெண்கள், மூவரும் கட்டிக்கொண்டு வேறு பெயருக்குப் போய்விட்டார்கள்.

பெயர் வந்த கதையை எழுந்து நின்று சொன்னேன். பாலம் இல்லாத காலத்தில், ஆழம் குறைந்த துறையோரம் இருந்த வீடு. ஆற்றில் இறங்கி நடந்தவன் வீடு என்று ஊர் சொல்லிச் சொல்லியே ஸாப்ரோதில் ஆனது என்றேன். எல்லாரும் பயபக்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒஸ்த்ராவாவிலிருந்து வந்த எர்னா, நாயை மடியில் வைத்துக்கொண்டே, “எவனோ குடிச்சுட்டு ஆத்துல விழுந்திருப்பான், மிலாதா. அதுக்கு இவ்வளவு கதையா?” என்றாள். சித்தப்பாவுக்கு அது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது, வயிறு குலுங்கச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். சித்தப்பாவுக்குப் பிறகு நீ ஒருவன்தான். முப்பத்து நான்கு வயதாகிறது. பெண் யாராவது பார்த்திருந்தால் மறைக்காமல் எழுது. ப்ளம் ஜாம் இரண்டு ஜாடி அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
மிலாதா


மிகுலோவ்,
30 அக்டோபர் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

ஜாம் வந்தது. ஒரு ஜாடி ஏற்கெனவே காலி.

நீ கேட்டாய், எழுதுகிறேன். அவள் பெயர் அபோலெனா. நான் பிழிபொறி பழுது பார்க்கப் போன வீட்டுப் பெண். அவள் அப்பா அலோயிஸ் வெசெலி. அரசாங்கம் எல்லாவற்றையும் கூட்டுப்பண்ணை ஆக்கிய காலத்தில் பறிபோன தோட்டமும் திராட்சை ரச நிலவறையும் இப்போதுதான் அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கின்றன. அபோலெனா என்னைவிட வேகமாக வேலை செய்வாள், என்னைவிட அதிகமாகப் பேசுவாள். நீ பார்த்தால் முதல் நாள் சண்டை போடுவாய், இரண்டாம் நாள் அவளுக்கு உன் கொலாச் பணியாரம் சுடச் சொல்லிக் கொடுப்பாய்.

இனி எழுதுவதைக் கோபப்படாமல் படி. அவருக்கு ஒரே மகள். நிலவறை வாசலில் அவர் பெயரைச் சுண்ணாம்பு பூசி அழித்துவிட்டார்களாம். அதைச் சுரண்டி வெளியே எடுத்து வைத்திருக்கிறார். வீட்டோடு வரும் மாப்பிள்ளை அந்தப் பெயரோடுதான் இருக்க வேண்டும் என்கிறார். நகரமன்றத்தில் திருமணம் பதியும்போது நான் வெசெலி என்று சொல்லிவிட்டால் போதும்.

நம் கொள்ளுத் தாத்தாவுக்குக் கொள்ளுத் தாத்தா துரெக் என்ற நெசவாளி, அந்த ஆற்றங்கரை வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து அந்த வீட்டின் பெயரை வாங்கிக்கொண்டவர் என்று நீதானே எனக்குச் சொன்னாய்? சின்ன வயதில் அதைப் பெருமையாகச் சொல்வாய். அவர் செய்ததைத்தான் நானும் செய்யப் போகிறேன். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது, அக்கா.

உன் ராதிம்


ஹ்ரனித்ஸே,
4 நவம்பர் 1994

ராதிம்,

இறந்தோர் நாளன்று அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்ததும் உன் கடிதத்தைப் பிரித்தேன். ஏற்றுவதற்கு முன் படித்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

வெசெலியாம், வெசெலி! இந்த நாட்டில் ஒரு கல்லை விட்டெறிந்தால் மூன்று வெசெலிகள் தலையைத் தடவிக்கொள்வார்கள். என் கவுண்ட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை வெசெலி பார்க்கிறேன் தெரியுமா? அந்தக் கூட்டத்தில் இன்னொருவன் சேர வேண்டுமா? அவர் பெயர் அழியாது, தம்பி. அவர் தும்மினால்கூட நாலு வெசெலி பிறப்பான்.

துரெக்கைச் சொல்கிறாய். அவர் விட்டுவிட்டு வந்த பெயரைச் சுமக்க அண்ணன் தம்பிகள் அரை டஜன் பேர் இருந்தார்கள். உனக்கு யார் இருக்கிறார்கள்? சித்தப்பாவா?

பெண் நல்லவளாக இருக்கட்டும். கூட்டிக்கொண்டு வா. ஆனால் உன் பெயரோடு வா.

மிலாதா


மிகுலோவ்,
27 நவம்பர் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அபோலெனாவுக்குப் படித்துக் காட்டினேன். தும்மல் விஷயத்துக்குச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

அவளே அப்பாவிடம் போய்ப் பேசி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். நான் ஸாப்ரோதிலாகவே இருக்கலாம். அவளும் அவள் பெயரிலேயே இருப்பாள். பிறக்கும் குழந்தைகள் மட்டும் வெசெலி. இருவருக்கும் வேறு வேறு பெயர் என்றால் குழந்தைகளின் குடும்பப் பெயரைத் திருமணத்தன்றே சொல்லியாக வேண்டும் என்பது உனக்கும் தெரியும். கிழவர் ஒரு வாரம் நிலவறையிலேயே கிடந்தார். பிறகு என் கோப்பையில் ரசத்தை ஊற்றிவிட்டு, “உங்க அக்காவும் ஒரு அடி இறங்கி வரட்டும்” என்றார்.

நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது. நீ வேண்டாம் என்றால் எனக்கு அங்கே நிற்கக் கால் வராது. என்னை வளர்த்தவள் மனம் கசந்து இருக்கும்போது நான் எந்த முகத்தோடு கல்யாண மேஜையில் உட்காருவேன்? பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் ராதிம்


ஹ்ரனித்ஸே,
2 டிசம்பர் 1994

அன்புள்ள ராதிமுக்கு,

நீ ஸாப்ரோதிலாக இருப்பாய், உன் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அப்படியென்றால் உன் கல்லறையோடு கதை முடிந்தது. இது இறங்கி வருவதா? முழுசாக விழுங்குவதற்குப் பதில் மென்று விழுங்குகிறார்கள், அவ்வளவுதான்.

அம்மா போனபோது உனக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன், ஜுரம் வந்தால் மடியில் போட்டுக்கொண்டேன். ரயில்வேக்காரர் ஹினெக் என்னைப் பெண் கேட்டு வந்தார். தம்பி கொஞ்சம் பெரியவன் ஆகட்டும் என்றேன். அவர் காத்திருக்கவில்லை. இதை நான் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இன்று சொல்ல வைத்துவிட்டாய்.

என்னால் இந்தப் பெயரை யாருக்கும் கொடுக்க முடியாது. உன்னால் முடியும். உன்னிடம் நான் வாழ்க்கையில் கேட்டது இந்த ஒன்றுதான். சரி என்று என் கையால் எழுத மாட்டேன்.

உன் அக்கா,
மிலாதா


மிகுலோவ்,
15 டிசம்பர் 1994

அக்காவுக்கு,

அபோலெனாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. “அப்ப உங்க அக்காவையே கட்டிக்கிட்டு இரு” என்று மட்டும் சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு வர மாட்டேன். வேலை இருக்கிறது.

ராதிம்


ஹ்ரனித்ஸே,
19 மார்ச் 1995

என் அன்புத் தம்பி ராதிமுக்கு,

மூன்று கடிதம் எழுதிவிட்டேன், ஒன்றுக்கும் உன்னிடமிருந்து வரி இல்லை. கம்பளிக் காலுறையாவது வந்து சேர்ந்ததா? கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல் கெண்டை மீன் வாங்கிவிட்டேன். தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். நீ ஆத்திரத்தில் எழுதினாய், கடைசியில் வந்துவிடுவாய் என்று நினைத்திருந்தேன்.

செனேக் சித்தப்பா போய்விட்டார். போன வியாழக்கிழமை அடக்கம். ஸாப்ரோதில் என்று சவப்பெட்டியில் எழுதியிருந்தது. அதைச் சுமந்தவர்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் இல்லை. மருமகன்களும் பேரன்களும்தான். மூத்த மகளின் பையன் ஒருவன், பத்து வயது இருக்கும், பாதிரியார் தும்மியதற்கு அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டான். வயிறு குலுங்கிற்று, ராதிம். சித்தப்பா விடுதியில் சிரித்த அதே சிரிப்பு. பையனின் குடும்பப் பெயர் கோலார்ஷ். நான் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகிறேன் என்று நினைத்து எர்னா கைக்குட்டை கொடுத்தாள். அழுதேன்தான். ஆனால் சித்தப்பாவுக்காக அல்ல.

நான் என்ன காரியம் செய்துவிட்டேன்? பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று உன்னைத் தனியாக நிறுத்திவிட்டேன். நீ தனியாக நின்றால் பெயர் மட்டும் எங்கிருந்து பெருகும்? இந்தச் சின்னக் கணக்கு எனக்கு ஏன் அன்று தெரியவில்லை?

போ. இந்தக் கடிதம் கிடைத்த கையோடு அபோலெனாவிடம் போ. வெசெலி என்று வேண்டுமானாலும் எழுதிக்கொள், அவர்கள் நாயின் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள். அக்கா தலையாட்டிவிட்டாள் என்று சொல். அவளிடம் நானே மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் மிலாதா


மிகுலோவ்,
24 செப்டம்பர் 1995

அக்காவுக்கு,

உன் மார்ச் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது?

கடிதம் வந்த அன்றே போனேன். கிழவர் வாசலில் நின்றிருந்தார். உள்ளே விடவும் இல்லை, விரட்டவும் இல்லை. அபோலெனாவுக்கும் பக்கத்துத் தோட்டத்து லெயோஷுக்கும் வருகிற சனிக்கிழமை கல்யாணம் என்றார். லெயோஷ் பெயரை மாற்றிக்கொள்ள ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையாம். கிழவர் கடைசியில் என் தோளில் கை வைத்தார். “நீ நல்லவன்தான்டா. ஆனா உன்னை ஒருத்தனைக் கேட்டா, ரெண்டு பேர் சேர்ந்து பதில் சொல்றீங்க” என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்டில் அவளுக்குப் பையன் பிறந்தான். எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. நான் போய்க் கேட்கவில்லை. போன வாரம் அவளே என் பட்டறைக்கு வந்தாள், தள்ளுவண்டியில் குழந்தையோடு. நான் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

“உன்னோடதுதான்” என்றாள். “ஊர் பேசுறதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு வந்தேன். நீ வேண்டாம்னு சொல்ல வந்த அன்னிக்கே வயித்துல இருக்குன்னு எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா இருந்திருப்ப. குழந்தைக்காக இருந்திருப்ப. எனக்காக உன்னால இருக்க முடியலையே.”

லெயோஷுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரிஞ்சுதான் வந்தான். அவன் யாரையும் கேட்டுக்கிட்டு வரல.”

கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்க்கவிட்டாள். தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றி அம்மாவுடையது, நம் அம்மாவுடையது. பிறகு அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். இனிமேல் வர மாட்டேன், நீயும் வராதே, லெயோஷ் நல்லவன், அவனை நோகடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் இந்த ஊரை விட்டுப் போக மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பின்வரிசையிலிருந்து அவனைப் பார்க்கலாம்.

நீ கேட்ட பெயரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அக்கா. கொடுக்கத்தான் ஆள் இல்லை. இனி எழுத எனக்கு எதுவும் இல்லை. என்னைத் தப்பாக நினைக்காதே.

ராதிம்


ஹ்ரனித்ஸே,
3 டிசம்பர் 1995

அன்புள்ள ராதிமுக்கு,

அக்டோபரில் எழுதியதற்குப் பதில் இல்லை. கேட்டதையே மறுபடி கேட்கிறேன், பொறுத்துக்கொள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதை நீ எப்போது கொடுக்கிறாயோ அப்போது கொடு, கொடுக்காமலும் இரு. அவளுக்குக் கடிதம் எழுத மாட்டேன், அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், குழந்தைக்கு ஒரு தொப்பிகூடப் பின்னி அனுப்ப மாட்டேன். பின்னிவிட்டேன், அது பெட்டியில் கிடக்கட்டும்.

படுக்கப் போகும் முன் அப்பாவுக்கு, அம்மாவுக்கு, சித்தப்பாவுக்கு, உனக்கு என்று ஒவ்வொருவராகச் சொல்லி வேண்டிக்கொள்கிறேன். அவன் முறை வரும்போது வாய் நின்றுவிடுகிறது. மிகுலோவில் இருக்கும் அந்தப் பையன் என்று கடவுளிடம் எப்படிச் சொல்வது?

பையனுக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள், ராதிம்? குடும்பப் பெயர் வேண்டாம். வீட்டில் அவனை எப்படிக் கூப்பிடுகிறார்களோ, அதை மட்டும் ஒரு தபால் அட்டையில் எழுதிப் போடு. உன் கையெழுத்துகூட வேண்டாம்.

உன் அக்கா,
மிலாதா