மூன்று வலம், மூன்று இடம்

இன்று காலை அலமாரியை ஒழிக்கும்போது அந்தப் பச்சைத் தைலப் புட்டி கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்ததுதான் தாமதம், நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய். கடைசிப் பத்து நாளும் உன்மேல் அடித்த வாடை. நீ போனதிலிருந்து இந்த வாடையே எனக்கு ஆகாது. இன்றுதான் பயமில்லாமல் முகர்ந்து பார்த்தேன். அந்தக் கதையை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். உனக்கு ஒரு நோயும் கிடையாது. "தனியா போனா ரெண்டே நாள்ல நிறுத்திடுவ, நானும் வரேன்" என்று கிளம்பி வந்தாய். வடக்குப்பட்டுப் பக்கம் நம் நகரில் நடப்பதற்கு அந்தக் குளத்தங்கரையை விட்டால் வேறு இடம் ஏது? ரோட்டில் இறங்கினால் கன்டெய்னர் லாரி உயிரை வாங்கிவிடும். கம்பெனி கேன்டீனில் நின்று நின்று நீயும், அங்கேயே லைனில் இன்ஸ்பெக்‌ஷனில் நின்று நின்று நானும், ஷிப்ட் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு வாய் காபியைக் குடித்துவிட்டு ஆறு சுற்று நடப்போம்.

கரை மூலையில் பிள்ளையார் இருப்பதால் எல்லாரும் வலமாகத்தான் சுற்றுவார்கள். ஒரு நாள் நீ, "இன்னாடி, தெனமும் அதே பக்கம்? இன்னிக்கு அந்தாண்ட போலாம் வா" என்றாய். எனக்கு வந்ததே கோபம். "சாவுக்குத்தான்டி அப்பிடிச் சுத்துவாங்க! வாயை மூடிக்கினு வா." நீ சிரித்தாய். "எங்க மாதா எந்தப் பக்கம் சுத்தினாலும் ஒண்ணும் சொல்ல மாட்டா. உங்க புள்ளையாரோட நமக்கு ஏன் வம்பு, நட." அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. நான்கு வருஷம் எனக்காக வலமாகவே வந்தாய்.

அப்புறம் உன் கால். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்றாய், தைலத்தைத் தேய்த்துக்கொண்டாய். கேட்டால், "ஒண்ணுமில்லடி, நாள் பூரா நின்னுக்கினே கீறோமே, அதான்" என்பாய். புடவையைப் பாதம்வரை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தாய். கால் வீங்கியிருந்ததை உன் வீட்டுக்காரர்கூடப் பார்க்கவில்லை. பதினோராம் நாள் கேன்டீனிலேயே மூச்சு வாங்கி விழுந்தாய். காலில் உறைந்த ரத்தம் கட்டியாகி நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டதாம். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான் போ. என்மேல் அதைவிட அதிகம்.

இரண்டு மாதம் கரைப் பக்கமே போகவில்லை. சர்க்கரை ஏறியதும் வேறு வழியில்லாமல் தனியாகக் கிளம்பினேன். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று வீம்பு. ஆறு சுற்று பத்தாயிற்று. ஒரு மாலை நடக்கையில் இடது கெண்டைக்காலின் வெளிப்பக்கம் சுருக்கென்று பிடித்தது. நின்றால் விட்டது, நடந்தால் வந்தது. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. சரி, நீ என்னையும் கூப்பிடுகிறாய் என்றே நினைத்துவிட்டேன். தடவலாம் என்று இதே புட்டியைத் திறந்தேன். உன் வாடை குப்பென்று வந்தது. மூடி வைத்துவிட்டு, லீவு சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கே வெட்கம் பார்க்காமல் புடவையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினேன். "எங்கூட நடந்தவ இப்பிடித்தாம்மா செத்தா, நல்லாப் பாருங்க." டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. அழுத்திப் பார்த்தார், ஸ்கேனுக்கு அனுப்பினார். "ரத்தக் கட்டி எதுவும் இல்லம்மா, இது வெறும் சதை வலி" என்றதும் அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எனக்கு என்னவோ பெரிய வியாதி என்று நினைத்திருப்பார்கள்.

பிசியோதெரபி பெண் துருவித் துருவிக் கேட்டாள். எங்கே நடக்கிறீர்கள், என்ன செருப்பு, எந்தப் பக்கமாகச் சுற்றுவீர்கள்? மழைத்தண்ணீர் வடிய வெளிப்பக்கம் சரித்துப் போட்ட பாதை என்றேன், ரப்பர் செருப்பு என்றேன். "அதான்க்கா. எப்பவும் வலமா சுத்துனா இடது கால் எப்பவும் பள்ளத்துப் பக்கம். வெளிப்பக்கமாவே சாஞ்சு சாஞ்சு அந்தச் சதை நொந்துபோச்சு." பத்து நாள் ஓய்வு, பாதத்தில் துண்டை மாட்டி இழுக்கும் பயிற்சி, நல்ல ஷூ, மறுபடி ஆறே சுற்று. "மூணு சுத்து இப்பிடி, மூணு சுத்து அப்பிடி மாத்தி நடங்க" என்று முடித்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பெண் முழித்தாள்.

பிள்ளையாரிடம், "டாக்டருங்க சொல்லிட்டாங்கப்பா, கோச்சுக்காத" என்று மூன்று தோப்புக்கரணம் போட்டுவிட்டு இடமாகக் கிளம்பினேன். "இன்னாம்மா, தலைகீழா சுத்திக்கினு வர?" என்று எதிரே வந்த பெரியவர் அதட்டினார். "கால் என்னுதுங்க" என்றேன். இரண்டு மாதமாகிறது. வலி போன இடம் தெரியவில்லை. நீ சொன்னபோதே கேட்டிருக்கலாம், தாயே.

நேற்று நம் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் நடையை நிறுத்திவிட்டு, கால் வலிக்கிறது என்றாள். "புடவையைத் தூக்கு, பாக்கலாம்" என்றேன். "ஐயோ, எல்லாரும் பாக்குறாங்கக்கா!" "பாக்கட்டும்." தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். வீக்கமில்லை, சூடில்லை. இருந்தாலும் காலையில் டாக்டரிடம் போகச் சொல்லித்தான் அனுப்பினேன். இந்தக் கரையில் யார் கொஞ்சம் நொண்டினாலும் எனக்குக் காலைக் காட்டாமல் நகர முடியாது. காலைக் காட்டு என்று நான் கேட்காமல் விட்டது உன் ஒருத்தியிடம்தான்.