வாசனை இல்லாத எண்ணெய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலும் உன் சித்தப்பாவின் வாயும் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்து வரை போர்த்தித் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

உன் ஆராய்ச்சியில் கண்டதை நம் எண்ணெய் மில்லில் செய்து பார்க்கச் சொன்னாய் அல்லவா, அறுவடையான வேர்க்கடலைப் பருப்பை இளஞ்சூட்டில் வைத்தால் உடம்புக்கு நல்ல சத்து கூடும், சூடு மீறினால் இருந்ததும் போய்விடும் என்று. குழந்தையைக் குளிப்பாட்டப் பதம் பார்ப்பதுபோலக் கையை விட்டு விட்டுப் பார்த்து நானே ஆட்டினேன். எண்ணெய் கண்ணாடி மாதிரி வந்தது, என்ன பிரயோஜனம், மூக்கையே உள்ளே விட்டாலும் வாசனை இல்லை. வாங்கிப் போன டீச்சர் மறுநாளே பாட்டிலோடு வந்து, என்னக்கா, தண்ணி கிண்ணி கலந்துட்டீங்களா என்று கேட்டாள். சித்தப்பா சும்மா இருப்பாரா, எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். கொஞ்சம் சூடு நல்லதுன்னா நெறைய சூடு இன்னும் நல்லதுதானே அண்ணி என்று அடுத்த மூட்டையைக் கறுக்க வறுத்து ஆட்டிவிட்டார். தெருமுனை வரை மணம். சத்தெல்லாம் புகையோடு போன அந்த எண்ணெய்க்கு வரிசை கட்டி நின்றார்கள், எண்ணெயே தொடாதே என்று எல்லோரையும் மிரட்டும் நம் டாக்டர் உட்பட. அதோடு விட்டாரா, பட்டம் வாங்கின உன் போட்டோவைப் பெரிதாக்கி, எங்கள் வீட்டு விஞ்ஞானி கண்டுபிடித்த சத்து எண்ணெய் என்று போர்டு எழுதி வாசலில் மாட்டினார். உன் அப்பா வழக்கம்போல, போர்டு கொஞ்சம் கோணலா இருக்கு என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வறுத்ததை வறுத்தது என்று விற்கட்டும், யார் வேண்டாமென்றது, நீ ராப்பகலாகப் பாடுபட்டதை அதற்கு நேர்மாறான சரக்கில் ஒட்டலாமா. ஸ்டூல் போட்டு ஏறி நானே கழற்றினேன். அன்றிலிருந்து சித்தப்பா என்னோடு பேசுவதில்லை, காதுக்கு நிம்மதி. போர்டு போன கோபத்தில் அவர் வறுப்பதை விட்டதும் வரிசையும் போய்விட்டது. வியாபாரம் விழுந்தால் விழட்டும், உன் பெயர் விழாமல் இருந்தால் எனக்குப் போதும்.

இத்தனைக்கும் பிறகு நேற்று போனில் நீ என்ன கேட்டாய். சித்தப்பா வறுத்து ஆட்டினாராமே, அதுலயே ஒரு பாட்டில் குடுத்தனுப்பும்மா, மூடியைத் திறந்தா நம்ம வீட்டு வாசனை வரணும் என்றாய். ஊருக்குத்தான் உபதேசமா கண்ணு? அங்கே வருகிறவரிடம் இளஞ்சூட்டு எண்ணெய்தான் கொடுத்திருக்கிறேன், முகர்ந்து பார்க்காமல் சமைத்துச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடு. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு.

வாசனை வேண்டுமென்றால் நீதான் வரவேண்டும். உன்னைப் பார்க்காமல் எனக்கு ஒன்றும் ருசிக்கவில்லை. நீ வருகிற அன்று நானே கறுக்க வறுக்கிறேன், சத்து போனால் போகட்டும்.

எண்ணெய்க் கையோடு ஆசி சொல்லும்,
உன் அம்மா