மணி அடிக்காத விடுதி

இன்று காலை உடற்கூறியல் துறையில் புது மாணவர்களுக்காக எலும்புப் பெட்டியைத் திறந்தேன். பழைய வார்னிஷ் வாசம் குப்பென்று வந்தது. தொடை எலும்பை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. நீ போய் இரண்டு ஆடி கழிந்தும் முதலில் உன் முகம்தான் வருகிறது.

மருத்துவக் கல்லூரியில் நம் முதல் வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் உன் கையில் கொடுத்ததும் தொடை எலும்புதான். புத்தகத்தில் உள்ளதையெல்லாம் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாய். "சரி, இது வலது காலா, இடது காலா?" என்றார். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பின்னால் யாரோ சிரித்தார்கள். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் முதலாவதாக வந்தவள் நீ. அம்மாபேட்டையில் தமிழில் படித்து வந்தவள் நான். இருவருமே தோற்றோம். நான் எதிர்பார்த்திருந்தேன், நீ எதிர்பார்க்கவில்லை.

வகுப்புக்கு வருவதை நிறுத்தினாய். பிறகு சாப்பாட்டுக்கும் வரவில்லை. பெற்றோர் கூட்டத்தன்று திருச்செங்கோட்டிலிருந்து வந்த உன் அப்பா, மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு நேரே விடுதியில் நம் அறைக்கு ஏறி வந்தார். நீ உள்ளே தாழ் போட்டிருந்தாய். நான் வெளியே நின்றிருந்தேன்.

"பள்ளிக்கூடத்துல மொதல்ல வந்த புள்ளைங்க இவ. இங்க பெயிலுன்னா, படிக்கலீன்னுதானுங்களே அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே கதவைத் தட்டினார். தட்டத் தட்டக் கோபம் ஏறியது. "தொறக்கறயா, ஒடைக்கட்டுமா?"

உள்ளிருந்து சத்தமே இல்லை. ஓங்கிய அவர் கை பாதியில் நின்றது.

"ஏனுங்க சாமி, உள்ளதான் இருக்காளுங்களா?" குரல் உடைந்திருந்தது.

"நீங்க கொஞ்சம் கீழ இருங்கப்பா. நான் பேசறேன்."

அவர் கீழே போகவில்லை. படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கதவில் முகத்தை வைத்து உன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் தரையை ஒட்டி உன் குரல் வந்தது.

"பள்ளிக்கூடத்துல எந்திரிக்க, படிக்க, தூங்க, எல்லாத்துக்கும் மணி அடிப்பாங்கடி. இங்க ஆருமே அடிக்கறதில்ல. என்ன பண்றதுன்னே தெரியல."

"எனக்கு அந்தப் புத்தகத்து இங்கிலீஷே புரியலடி. நீ அதச் சொல்லிக் குடு, நான் எலும்பக் காட்டறேன். தனியா என்னாலயும் முடியாது."

தாழ் விலகியது. அப்பா எழுந்து வந்தார். நீ சுவரோடு ஒடுங்கினாய்.

"சாப்ட்டயா சாமி?" என்றார். அவ்வளவுதான். நீ வாய்விட்டு அழுதாய்.

அதற்குப் பிறகு எலும்பை நம் தொடையிலேயே வைத்துப் பார்த்துப் படித்தோம். நீ ஆங்கிலத்தில் வாசிப்பாய். நான் தமிழில் திருப்பிச் சொல்வேன். தப்பென்றால் குட்டு விழும். விடிய விடிய விழித்துப் படிக்கும் பழக்கத்தையும் விட்டாய். ஆண்டுத் தேர்வில் இருவரும் தேறினோம், நான் மயிரிழையில். நீ எடப்பாடியில் குழந்தைகள் மருத்துவராக நல்ல பேர் எடுத்தாய். நோய் உன்னைக் கொண்டுபோனபோது நமக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

முதலாண்டில் யார் தேறுவார்கள் என்று துறையில் பேச்சு வரும். பழைய மதிப்பெண் என்பார்கள், ஆங்கிலம் என்பார்கள், உழைப்பு என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் தோற்று வந்து நிற்கும் பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது, "நீ யாரோட உக்காந்து படிக்கற?" என்பதைத்தான். யாருமில்லை என்று பதில் வந்தால், பக்கத்தில் ஒரு துணையை உட்கார வைத்த பிறகுதான் அன்று வீட்டுக்குக் கிளம்புகிறேன்.