கேரட் குடித்த வினிகர்

மார்ச் 4

அன்புள்ள உனக்கு,

நலம்தானே? மூன்று வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் சரக்கைப் பற்றியது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் முட்டிக்கொள்கிறது. எழுதினால் ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

உன் பட்டறையிலிருந்து எங்கள் கம்பெனிக்கு வந்த ஆயிரத்து இருநூறு பாட்டில் வினிகர் கேரட்டையும் இங்கே துறைமுகக் கிடங்கில் உணவு ஆய்வுத் துறையினர் நிறுத்திவிட்டார்கள். ஒரு பாட்டில்கூடக் கடைக்குப் போகவில்லை. லேபிளில் குறை இல்லை. கடுகு சேர்த்திருப்பதைத் தடித்த எழுத்தில் போட்டதை மெச்சவே செய்தார்கள். சிக்கல் பி.எச். அளவில். குளிர்ப்பெட்டி இல்லாமல் அலமாரியில் வைத்து விற்கும் காய் என்றால் அது 4.6-ஐத் தாண்டவே கூடாது. தாண்டினால் புளிப்பு போதவில்லை, உள்ளே விஷக் கிருமி வளரலாம் என்று பொருள். நீ அனுப்பிய தாளில் 3.2. இவர்கள் ஆய்வகத்தில் 4.9.

"ஒரே பாட்டில் எப்படிங்க ரெண்டு கதை சொல்லும்?" என்று கேட்கிறார் ஆய்வு அதிகாரியம்மா. அதையே உன்னிடம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டு முகவரியைப் பார்க்காமல் எழுதத் தெரிந்தவன்


மார்ச் 15

மதிப்பிற்குரிய இறக்குமதிப் பிரிவு அலுவலருக்கு,

சரி, உங்களுக்குத்தான்.

"உன் பட்டறை உனக்கு, என் வேலை எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவர் இப்போது என் பட்டறையின் பி.எச். கேட்கிறீர்கள். கேளுங்கள். எனக்கும் கோபத்தைவிட ஆர்வம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

என் மீட்டர் பொய் சொல்லாது. தினமும் காலையில் அதைச் சரிபார்த்த பிறகுதான் காப்பியே குடிக்கிறேன். பாட்டிலில் அடைத்த அன்றே அளந்து 3.2 என்று என் கையால் எழுதியிருக்கிறேன். காய் வெட்டும் அக்கா சொல்கிறாள்: "அவங்க மீட்டருக்கு நம்ம கேரட்டைப் புடிக்கலையோ என்னவோ!"

அவர்கள் எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள்? நேரில் போய்ப் பார்த்து ஒன்று விடாமல் எழுதுங்கள். முதுகு வலி எப்படி இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதலாம். கட்டாயமில்லை.

இப்படிக்கு,
உற்பத்தியாளர்


மார்ச் 27

உற்பத்தியாளர் அம்மையாருக்கு,

முதுகு அப்படியேதான் இருக்கிறது.

ஆய்வகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க விட்டார்கள். அதிகாரியம்மா ஒரு பாட்டிலை வடிகட்டி, கேரட்டை மட்டும் தராசில் வைத்தார். முந்நூற்று நாற்பது கிராம். நீ பதிவு செய்த செய்முறையில் இருநூற்றைம்பதுதான். பிறகு காயையும் வினிகர் தண்ணீரையும் ஒன்றாக அரைத்து அளந்தார்.

"அடைச்ச அன்னிக்கு அளந்தா என்னத்தைத் தெரியும்? கேரட் குடிச்சு முடிக்கட்டும், அப்புறம் பாருங்க" என்றார்.

அடுத்து அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "அடைக்கிற அளவை மாத்துனது யாரு? எழுத்துல வேணும்." உற்பத்தியாளர் தானாக மாற்றினார் என்றால் உன் பட்டறை கண்காணிப்புப் பட்டியலில் ஏறும். இறக்குமதி செய்தவர் சொல்லி மாற்றியது என்றால் எங்கள் கம்பெனி யாரையாவது வெளியே அனுப்பும். ஏப்ரல் பதினைந்துக்குள் பதில் போக வேண்டும்.

இப்படிக்கு,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவன்


ஏப்ரல் 5

உங்களுக்கு,

கடிதம் வந்த அன்றே, அந்தச் சரக்கிலிருந்து எடுத்து வைத்திருந்த எட்டு பாட்டிலையும் திறந்தேன். எட்டும் 4.9. என் மீட்டரிலேயே! மீட்டரை மறுபடி சரிபார்த்தேன். மாற்றமில்லை.

பிறகு புதிதாக இரண்டு வகை அடைத்தேன். ஒன்றில் இருநூற்றைம்பது கிராம், இன்னொன்றில் முந்நூற்று நாற்பது. முதல் நாள் இரண்டின் தண்ணீரும் 3.2. தினமும் ஒரு பாட்டில் திறந்தேன். ஐந்தாம் நாள் குறைவாக அடைத்தது 4.1-ல் நின்றது. நெருக்கி அடைத்தது 4.9. காய் கூடிய இடத்தில் வினிகர் குறைந்துவிட்டது. இருந்த கொஞ்சத்தையும் கேரட் குடித்துவிட்டது. இத்தனை வருஷமாக முதல் நாள் மட்டுமே அளந்து நிம்மதியாக இருந்திருக்கிறேன், பாருங்கள். இனி ஐந்தாம் நாளும் அளக்காமல் ஒரு பாட்டிலும் வெளியே போகாது. யாரும் சாப்பிடுவதற்குள் தடுத்தாரே அந்த அம்மா, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஏன் நெருக்கி அடைத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்கே நினைவிருக்கும். ஜனவரியில் போனில், "பாட்டில்ல காய் கம்மியா தெரியுது, கடைக்காரங்க முணுமுணுக்கிறாங்க. நல்லா அடைச்சு அனுப்பேன்" என்றீர்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

நீங்கள் என்ன எழுதப்போகிறீர்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன். நான் எழுத வேண்டியதை நேற்றே கூரியரில் அதிகாரியம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
நான்


ஏப்ரல் 21

என் அன்புக்குரியவளுக்கு,

பன்னிரண்டாம் தேதி என் பதிலைக் கொடுத்தேன். மறுநாளே அதிகாரியம்மா கூப்பிட்டார். மேஜையில் இரண்டு தாள். ஒன்று என்னுடையது: "அதிகமாக அடைக்கச் சொன்னது நான். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை." மற்றது உன்னுடையது: "சொன்னவர் யாராக இருந்தாலும் அடைத்தது நான். எடையும் போடவில்லை, யோசிக்கவும் இல்லை. தவறு என்னுடையது."

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க எல்லாரும் அடுத்தவங்க மேல கைகாட்டத்தான் வருவாங்க. நீங்க ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னு நிக்கறீங்க. இவங்க உங்களுக்கு யாரு?"

"என் மனைவிங்க."

"அதை இப்பதான் சொல்றீங்களா?" என்று சிரித்துவிட்டார்.

சிரித்தாலும் தீர்ப்பு தீர்ப்புதான். சரக்கு முழுவதையும் அழித்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து, காயை ஒரு தொட்டியிலும் கண்ணாடியை இன்னொன்றிலும் கொட்டினார்கள். முற்றம் முழுக்க உன் கையின் வாசனை. அதுவரை கல்லாக நின்றவன் அப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வினிகர் நெடி என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன்.

உனக்குத் தண்டனை லேசு. நீ இங்கே வந்து பயிற்சி எடுத்துத் தேற வேண்டும். அதன் பிறகு மூன்று சரக்கைச் சோதித்துத்தான் விடுவார்கள். எனக்கு இந்த மாதத்தோடு வேலை இல்லை. போகட்டும். ஊருக்கு வந்துவிடட்டுமா? பட்டறையில் தராசைப் பிடிக்க ஆள் வேண்டாமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன்னவன்


மே 3

அன்புள்ள உங்களுக்கு,

இப்போது வர வேண்டாம்.

அவசரப்பட்டு முகம் வாடாதீர்கள், மேலே படியுங்கள். பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஜூன் ஒன்பதாம் தேதி வருகிறேன். அதுவரை அங்கேயே இருங்கள். வழி தெரியாத இடத்தில் யாரைப் பிடித்து நான் ஆய்வகத்தைத் தேடுவது? அந்தத் தராசைப் பார்க்க வேண்டும், அரைக்கும் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். அதிகாரியம்மாவிடம் கேட்கப் பதினேழு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். பீட்ரூட் பற்றி மட்டும் ஆறு.

பயிற்சி ஐந்து நாள். பட்டறையில் பத்து நாள் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். "மீதி அஞ்சு நாளுக்கு அங்க என்ன வேலை?" என்று காய் வெட்டும் அக்கா விடாமல் குடைகிறாள்.

"தெரியலை, போய்ப் பாத்தாதான் தெரியும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மனைவி