முன் சீட்டை வெட்டும் வாரம்

மார்ச் 3, திங்கள்

மழை இல்லை. வெயிலும் இல்லை. பட்டறைக் கதவு இன்னும் முழுதாய் மூடுவதில்லை. கால் விறைத்துப் போயிற்று.

செய்ய:
– கறுப்புக் காருக்குக் கூரைத் துணி (மிச்சப் பாதி)
– தடித்த நூல் ஓடர்
– தடித்த காலுறை, எனக்கு
– பெரியம்மாவின் முன் சீட்

பெரியம்மா என்பது நான் வைத்த பெயர். ஐம்பதுகளில் செய்த அமெரிக்கக் கார். வெளிர் பச்சை, எங்கள் ஹோலை விட நீளம். இந்த மாடல் இங்கே இரண்டோ மூன்றோதான் ஓடுகிறதாம். சொன்னது கொலின், பட்டறை முதலாளி (இனி கொ.). இந்தக் கதை தொடங்கினால் அவன் தேத்தண்ணியே ஆறிப் போகும்.

சொந்தக்காரர் ரெய்னர்ஸ் லேன் டொக்டர், மதுரைப் பக்கம், ஓய்வு பெற்றவர். மனைவி சாரதாவுக்குப் போன வருடம் பக்கவாதம். இடக் கை, இடக் கால் இரண்டும் பலமில்லை. அதற்குப் பிறகு அவர் இந்தக் காரில் ஏறவே இல்லை. முன் சீட் கதவுக்குக் கதவு ஒரே வாங்கு, பார்க் பெஞ்ச் மாதிரி. அதை நடுவால் இரண்டாக வெட்டி, மனைவியின் பக்கம் வெளியே திரும்பும் சுழல் சீட் பூட்ட வேண்டும். விளம்பரப் படத்தில் பார்க்க நல்ல வடிவு.

வெட்டுவது நான், இங்கே சீட் தைக்கிறவள். வியாழன்.

கொ.வுக்கு முகம் சரியில்லை. “இத்தனை வருடம் ஒருவரும் கத்தி வைக்காத சீட்” என்று இரண்டு தரம் சொன்னான். ஓடர் எடுத்தது ஆர்? நானா?

வீட்டில், என் இவருக்குப் பின்னேர ஷிப்ட். பிரிட்ஜில் துண்டு: “கறி கீழ்த் தட்டில். பால் முடிஞ்சுது.” எங்கள் காதல் கடிதம்.

மார்ச் 4, செவ்வாய்

டொக்டர் மனைவியோடு வந்தார், ஒருமுறை ஏற்றிப் பார்க்க. உடற்பயிற்சி வகுப்பு முடித்து நேரே வந்ததால் சாரதா அக்கா ட்ராக்சூட்டில். அமெரிக்கக் கார் என்பதால் ஸ்டியரிங் இடப் பக்கம், அவர் இருப்பது வலப் பக்கம். சக்கர நாற்காலியை வலக் கதவடிக்குக் கொண்டுவந்தோம். பட்டறை நடுவில் கார், சுற்றிவர இடம் தாராளம்.

சீட்டின் விளிம்பில் இருத்தினோம். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு அங்குலம் நகரவில்லை. பழைய நெசவுத் துணி கால்சட்டையைப் பிடித்துக்கொண்டது.

“கொஞ்சம் நகரு சாரு.”

“நகர மாட்டேங்குதுங்க.”

கடைசியில் டொக்டரும் கொ.வும் அரிசி மூட்டை மாதிரித் தூக்கி உள்ளே வைத்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பார்த்துக்கொண்டு நின்றதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

டொக்டர் என்னிடம்: “பாத்தீங்களா? அதான் சுழல் சீட்டுங்கறேன். வேற வழியே இல்ல.” ஓம் டொக்டர் என்றேன். நேற்றிலிருந்து எல்லாவற்றுக்கும் ஓம்தான், எனக்கு என்ன வந்ததோ.

அக்கா வலக் கையால் சீட்டைத் தடவினார். “நடுவுல இடைவெளி வருமா?”

“ஒரு சாண் வரும் அக்கா.”

“சரி” என்றார். அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் சீட்டின் பின் ஓரத் தையலைப் பிரித்தேன். பிரித்ததைத் திருப்பித் தைக்கலாம். வெட்டினால் வெட்டினதுதான்.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடுதான். பசி.

பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு ரெய்னர்ஸ் லேன். சக்கர நாற்காலியின் உயரம் அளக்க. ரெயினில் இரண்டு பெட்டைகள் முழு ஆங்கிலம், நடுவில் “சித்தி” மட்டும் தமிழ். அந்தச் சித்தி பாவம், நல்லாய்க் கிழிபட்டாள்.

டொக்டர் கதவைத் திறந்தார். ஹோலில், லெதர் சோபாவில், சாரதா அக்கா ஊதாப் பட்டுச் சேலையில்! புதன்கிழமை மத்தியானம்!

“கார் இன்னைக்கு வருதுன்னு நினைச்சேன்” என்றார். “அந்தக் கார்ல நான் பட்டு கட்டாம ஏறினதே இல்ல. நேத்து அந்த கோலத்துல வந்தது எனக்கே அசிங்கமா இருந்துச்சு.” பிறகு என் நெற்றியைப் பார்த்து, “நீங்க சர்ச்சுன்னு சொன்னாரே இவரு?”

“எங்களுக்கும் இண்டைக்கு விபூதிதான் அக்கா.”

“அப்ப நாம ஒரே கட்சி.”

வாசற்படி உயரம் அளக்க வெளியே போனேன். வீட்டுக்கு நேர் முன்னால் கவுன்சில் கோடு போட்டுக் கொடுத்த கார் நிறுத்தும் இடம், தெருவின் இடப் பக்கம். பெரியம்மாவை அதில் நிறுத்தி மனதுக்குள் பார்த்தேன். ஸ்டியரிங் நடைபாதைப் பக்கம் வந்தது. அக்காவின் கதவு நடு ரோட்டில். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ், என் குளிர்ச் சட்டையையே இழுத்துக்கொண்டு போகிற மாதிரி.

“என்ன கோதாரி!” வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மூன்று பேர், மூன்று அளவு நாடா, ஒருத்தருக்கும் மூளை இல்லை. பட்டறைக்குள் தெரு இல்லையே.

டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெளுத்துப் போனார். “முன்னாடி அவளே சுத்திப் போய் ஏறிப்பா. நான் யோசிக்கவே இல்ல.”

“காரைத் திருப்பி நிப்பாட்டினால்?”

“இது ஒருவழித் தெரு.”

“அப்ப உங்கட பக்கத்தாலதான் ஏத்த வேணும் டொக்டர். ஏறி, உள்ளுக்குள்ளயே மற்றப் பக்கம் போக வேணும்.”

“அப்ப சுழல் சீட்டு?”

“அது ரோட்டுக்கு நடுவில சுழலும்.”

நடுவால் வெட்டியிருந்தால் அந்த ஒரு சாண் இடைவெளியை அக்கா ஒருக்காலும் தாண்டியிருக்க மாட்டார். நாளைக்கு வெட்டியிருப்பேன்.

உள்ளே வந்தோம். அக்கா தண்ணீர் டம்ளரை எட்டப் போய், சோபாவில் வழுக்கி ஒரு முழம் நகர்ந்தார். நேற்று இரண்டு ஆம்பிளைகள் முக்கியும் வராத நகர்வு! பட்டும் லெதரும்!

“அக்கா, இன்னொருக்கா அப்பிடி நகருங்கோ.”

சோபாவின் முதுகு விளிம்பை வலக் கையால் பிடித்து இழுத்தார். மூன்றே இழுப்பு. இந்த முனையிலிருந்து அந்த முனை. டொக்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“அப்ப வெட்ட வேண்டாமா?” அக்கா. குரலே வேறு.

“வேண்டாம் அக்கா.”

ஆறு மணிக்கு மேல் பசி தாங்காமல் இரண்டு பணிஸ், பேக்கரி பன். இரண்டாவது பாவக் கணக்கு.

மார்ச் 6, வியாழன்

கத்தியை எடுக்கவில்லை. சுழல் சீட் பெட்டியோடு வந்து கிடக்கிறதே என்று கொ. முதலில் குதித்தான். பிறகு பின்பக்கம் போய்ச் சீட்டி அடித்தான். மறைக்கவும் தெரியாத மனுசன்.

புது வேலை:
– சீட்டுக்கு மேலே மெல்லிய லெதர் உறை. கழற்றலாம். பழைய துணியில் ஒரு ஓட்டையும் இல்லை
– வலக் கதவுத் தூணிலிருந்து நீளப் பட்டி, பிடித்து இழுக்க நாலு வளையம்
– சீட்டை இன்னும் பின்னே தள்ள (ஸ்டியரிங்கில் முழங்கால் தட்டக்கூடாது)
– வலப் பக்க ஓரத்தில் பெல்ட். பட்டு வழுக்கும், பிரேக் போட்டாலும் வழுக்கும்

செவ்வாய் பிரித்த தையலைப் பழைய துளைகளிலேயே மூடினேன். குனிந்து இருந்து இருந்து கழுத்து பிடித்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

பூசைக்கு இவரும் வந்தார், லீவு. வாங்கில் எங்கள் இருவருக்கும் நடுவில்: இரண்டு கோட், குடை, என் பை. வீட்டுக்கு வரும்போது காரில் நடுவில்: கியர், டிஷ்யூப் பெட்டி, இவருடைய சாப்பாட்டுப் பை.

சீட் கதையைச் சொன்னேன். “ஒரே வாங்கோ? அப்ப சண்டை பிடிச்சா எங்கயப்பா தள்ளி இருக்கிறது?” என்று தானே சிரித்தார். நானும் சிரித்தேன்.

உண்மையைச் சொன்னால் பொறாமை. எழும்பி நிற்க ஏலாத ஒரு மனுசியைப் பார்த்து எனக்குப் பொறாமை. இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுத.

மார்ச் 15, சனி

குளிர், ஆனால் நல்ல வெயில். ரெய்னர்ஸ் லேன், டொக்டர் வீட்டு வாசல். பெரியம்மா கவுன்சில் கோட்டுக்குள் அடங்கவில்லை, வால் வெளியே.

அக்கா பச்சைப் பட்டு, கடுகு நிறக் கரை. நான் பின் சீட்டில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர் இடக் கதவால் அவரை இருத்தி, காலைத் தூக்கி உள்ளே வைத்தார். ஒருவரும் மூட்டை தூக்கவில்லை.

முதல் வளையம்: ஸ்டியரிங் தாண்டியாயிற்று. இரண்டாவது. மூன்றாவது. நின்றுவிட்டார். நட்ட நடுவில்.

டொக்டர் ஏறி ஸ்டியரிங்கில் இருந்தார். “இன்னும் ஒரே இழுப்புதான் சாரு. ஓரத்துக்குப் போயிடு.”

“முடியலைங்க.”

“கை வலிக்குதா?”

“ஆமா.”

எனக்குப் பின்னால் இருந்து எல்லாம் தெரிந்தது. வலிக்கிற அந்தக் கை வளையத்தை எப்பவோ விட்டுவிட்டது. சேலை மடிப்பை ஒவ்வொன்றாய் எடுத்து நீவிக்கொண்டிருந்தது, நல்ல பலமாக.

டொக்டருக்கும் விளங்கியிருக்க வேண்டும். பலமில்லாத இடக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஆனாலும் சொல்லத்தானே வேண்டும். “அக்கா, பெல்ட் ஓரத்திலதான் இருக்கு. நடுவில இருந்துகொண்டு கார் ஓட ஏலாது.”

“அப்ப ஓட்ட வேண்டாம்” என்றார். டொக்டர் எஞ்சினை மட்டும் போட்டார். நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் இருந்தார்கள். நான் இறங்கி நடைபாதையில் நின்றேன்.

திங்கள், முதல் வேலை: ஓர பெல்ட்டைக் கழற்ற. நடுவில் பூட்ட.