காலை மடக்காதே என்று சொன்னவன் நான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் மாமாவும் ஏதோ இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு என் கையால் எழுதும் முதல் கடிதம் இது, கோணல் எழுத்தைப் பார்த்தாலே தெரியும். இந்த வரிக்கு வரவே இரண்டு நாள் ஆகிவிட்டது, ஆனாலும் தாளைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் வாயெல்லாம் பல்லாகிவிடுகிறது. சும்மா இளிக்காதீங்க, மாத்திரை அட்டையில என்ன போட்டிருக்குன்னு முதல்ல படிங்க என்கிறாள் அம்மா. தொலைபேசியில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பெரிய எழுத்தில் எழுதி அனுப்பிய பக்கங்கள் வந்தன. உன் பயிற்சிக்கூடத்தில் நீ சொல்லிக்கொடுக்கும் டெட்லிஃப்ட் வகைகளை, தரையில் கிடக்கும் பாரத்தைத் தூக்கி நிமிர்வதில் எத்தனை விதம் உண்டு என்று, படம் போட்டு எழுதியிருந்தாய். நாளுக்கு ஒரு பக்கமாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதல் பக்கத்தில் சாதாரண வகை, எடை மாட்டிய கம்பி காலை ஒட்டியே வரணும், முழங்காலை மடக்கணும், முதுகு பலகை மாதிரி நேராக இருக்கணும், வயிற்றில் மூச்சைக் கட்டிக்கொண்டு தரையைக் காலால் தள்ளணும். அடுத்ததில் காலை அகட்டி வைத்துக் கைகளை நடுவில் விட்டுத் தூக்குவது. முப்பது வருடம் தோல் பதனிடும் தொழிற்சாலையில் தோல் கட்டு தூக்கியவனுக்கே பாடமா என்று சிரித்துக்கொண்டுதான் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. முழங்காலை அதிகம் மடக்காமல் இடுப்பிலிருந்து குனியும் வகை அது. கீழே நீ எழுதியிருந்தாய், இது குறைந்த எடைக்கு, நன்றாகப் பழகியவர்களுக்கு, தரையில் கிடக்கும் பெரிய பாரத்தை முதுகு வளைய இப்படி இழுத்தால் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கிவிடும் என்று. அந்த வரியை நான்கு தடவை படித்தேன், புரியாமல் அல்ல.

தொழிற்சாலையில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் தூக்கினோம். தோல் ஊறும் சுண்ணாம்புத் தண்ணீர் காலில் படாமல் இருக்க ரப்பர் ஏப்ரன் கணுக்கால் வரை தொங்கும். முழங்காலை மடக்கினால் அதன் ஓரத்தையே மிதித்து ஈரத்தோல் கட்டோடு குப்புற விழ வேண்டியதுதான். அதனால் காலை மடக்காதே, இடுப்பை மட்டும் மடக்கு என்று உன் மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவன் முதுகு போய்க் கால் இரண்டும் விளங்காமல் படுத்தபோது, எடுத்தோம் கவிழ்த்தோம் என்று தூக்கினான், சொன்னதைக் கேட்கவில்லை என்று ஊரெல்லாம் சொன்னவனும் நானேதான். ஊருக்குக் கிளம்பிய அன்று நீயும், அப்பா சொன்ன மாதிரி தூக்கியிருந்தா இப்ப நடந்துக்கிட்டு இருப்பீங்க மாமா என்று அவன் கட்டிலருகே நின்று சொன்னாய். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நேற்று அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அவனுக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, எங்கிட்ட எதுக்கு மச்சான் படிக்கிற, நான் எப்படித் தூக்கினேன்னு எனக்குத் தெரியாதா, உள்ள இருக்கா பாரு எங்க அக்கா, அவகிட்டப் போய்ப் படி என்றான். அடுப்படிக்குப் போய்ப் படித்தேன். அம்மா குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாத்திரத்தையும் தொடாமல் நின்றாள். ஆறு வருஷமா அவனைத் திட்டிக்கிட்டேதான் குளிப்பாட்டினேன், அதை இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க என்றாள். குழாயை நான்தான் மூடினேன். அதிலிருந்து இரண்டு பேரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, ஆனால் அவர்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.

கடிதத்தை இதுவரை எழுதி மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். மேலே ஒரு வரியை மையால் அடித்திருப்பது அவன் சொல்லித்தான். அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தேன். அதை அடி மச்சான், முதுகு சுளீர்னு இழுக்குதுன்னு அன்னைக்கு மூணு தடவை சொன்னேன், அதை எழுது என்றான். சொன்னான் மகளே. மூன்று தடவையும் சொன்னான். லாரி நிக்குது, பொம்பளை மாதிரி முனகாம தூக்குடா என்றேன். அதையும் எழுதிவிட்டேன்.

போன வாரம் இடுப்பு பிடிக்கிறது என்றாய், அதோடு எடையைக் கூட்டப்போகிறேன் என்றும் சொன்னாய். கூட்டாதே. உடம்பு ஒரு தடவை சொன்னாலே கம்பியைக் கீழே வை, யார் அவசரப்படுத்தினாலும் வை. உன்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் வலிக்கிறது என்றால் நம்பு.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நிமிர்ந்து நடக்க வேண்டும். மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, மறந்துவிடாதே. எழுத்து பெரிதாக இருக்கட்டும், படித்துக் காட்டப்போகிறவன் நான். அதில் என்னைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் படிப்பேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா